பழைய ஓட்டு வீட்ட நாமளே சரி பண்றது: எத முதல்ல தொடணும், எத தொடவே கூடாது

தாத்தா காலத்து ஓட்டு வீட்ட என்ன பண்றதுன்னு கேட்டா சொந்தக்காரங்ககிட்டேருந்து வர்ற பதில் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, இடிச்சுத் தள்ளிட்டு கான்கிரீட்ல கட்டு. இன்னொண்ணு, இருக்குறது மேலயே சிமெண்ட்ட பூசி பெயின்ட் அடிச்சு டைல்ஸ் ஒட்டி முடிச்சுடு. முதல் வழிக்கு காசு நிறைய வேணும், ரெண்டாவது வழியில காசும் போகும், கொஞ்ச வருஷத்துல வீடும் போகும். நான் சொல்லப்போறது மூணாவது வழி. கும்பகோணம், மாயவரம் பக்கம் திண்ணை, ரேழி (வாசல் நடை), கூடம், நடுவுல வானம் பாத்த முத்தம்னு (முற்றம்) இருக்கும்ல, செங்கல்லயும் சுண்ணாம்புக் காரையிலயும் கட்டின வீடு, அத முடிஞ்ச வரைக்கும் நம்ம கையாலயே, முடியாத இடத்துல மட்டும் ஆள் வச்சு மெதுவா தேத்தி எடுக்குறது எப்படின்னு. லீவு நாள்ல போய் போய் வேலை பாக்குறவங்களுக்குத்தான் இது, மூணு மாசத்துல கிரகப்பிரவேசம் மாதிரி விருந்து வைக்கணும்னு நினைக்கிறவங்க இப்பவே வேற வழி பாத்துக்கலாம்.

கடப்பாரைய எடுக்குறதுக்கு முன்னாடி பத்திரத்த எடுங்க. நிறைய பூர்வீக வீடு இன்னும் தாத்தா பேர்லயேதான் இருக்கும், பாகப்பிரிவினையே ஆகியிருக்காது, பெரியப்பா பசங்க, அத்தை, அத்தை பசங்கன்னு ஆளாளுக்கு ஒரு பங்கு இருக்கும், வீடு ஒழுகிக்கிட்டு கிடக்குற வரைக்கும் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க, நீங்க ஓடு மாத்தி சுவர் பூசி தேக்குக் கதவ பாலிஷ் போட்டு நிமிந்த உடனே எல்லாருக்கும் அந்த வீட்டு மேல பாசம் பொத்துக்கிட்டு வரும். உக்காந்து பேசி, எழுத்துல வாங்கி, முடிஞ்சா பத்திரமா பதிஞ்சுட்டு அப்புறம் செலவு பண்ணுங்க. பட்டா, வீட்டு வரி, கரண்ட் கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குன்னும் பாத்துடுங்க. ரிப்பேர் பண்றது ஒரு விஷயம், சுவர நீட்டுறது, மாடி எடுக்குறது எல்லாம் வேற விஷயம், அதுக்கெல்லாம் பஞ்சாயத்துலயோ நகராட்சியிலயோ அனுமதி வேணுமான்னு முதல்லயே போய் கேட்டுட்டு வந்துடுங்க.

அடுத்தது ஒரு மழைய பாக்கணும். நிஜமாத்தான் சொல்றேன். ஐப்பசி கார்த்திகை அடைமழையில அந்த வீட்டுல ரெண்டு மூணு நாள் தங்குங்க, கையில ஒரு சாக்பீஸ் வச்சுக்கோங்க, எங்கெங்க சொட்டுதோ அங்க தரையில ஒரு வட்டம், சுவர்ல எது வரைக்கும் ஈரம் ஏறியிருக்கோ அங்க ஒரு கோடு, முத்தத்துல விழுற தண்ணி எவ்வளவு நேரத்துல வடியுது, கொல்லையில எங்க தேங்குதுன்னு எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க. பழைய வீட்டு வியாதி முக்காவாசி தண்ணியில வர்றதுதான், மேலேருந்து ஒழுகும், கீழேருந்து ஊறும், பைப்புலேருந்து கசியும். தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியாம சுவர பூசுறதெல்லாம் வீண் செலவு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும், அத பாத்து நோட் எடுத்துட்டு, தை பிறந்ததும் கூரையில கை வச்சா அடுத்த மழைக்குள்ள முடிச்சுடலாம். வேலையோட வரிசையும் இதுதான்: கூரை, அப்புறம் வீட்ட சுத்தி வடிகால், அப்புறம் மரம், அப்புறம் வயரிங் பைப்பு, அதுக்கப்புறம்தான் பூச்சு, தரை, கடைசியா வெள்ளை. எல்லாரும் தலைகீழா ஆரம்பிப்பாங்க, ஏன்னா பெயின்ட் அடிச்சாதான் வேலை நடக்குற மாதிரி கண்ணுக்குத் தெரியும்.

விரிசல் இருந்தா பயந்துடாதீங்க, ஆனா அலட்சியமும் வேணாம். எங்க டெல்டா களிமண்ணு, கோடையில சுருங்கி பாளம் பாளமா வெடிக்கும், மழையில உப்பும், அதோட சேந்து வீடும் கொஞ்சம் அசையும். விரிசல் பழசா, இன்னும் ஓடிக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி, விரிசலுக்கு குறுக்க ஒரு மெல்லிசான கண்ணாடித் துண்ட ரெண்டு பக்கமும் கலவை வச்சு ஒட்டி, பக்கத்துல தேதி எழுதி விட்டுடுங்க. ஒரு கோடை ஒரு மழை தாண்டியும் கண்ணாடி உடையலைன்னா பூசிக்கலாம். உடைஞ்சா இன்ஜினியர கூட்டிட்டு வாங்க. இதே மாதிரி "இந்த சுவர எடுத்துட்டா ஹால் பெருசா ஆயிடுமே"ன்னு தோணும் பாருங்க, அந்த ஆசைய அப்படியே விட்டுடுங்க. இந்த மாதிரி வீட்டுல கான்கிரீட் தூண் பீம்னு தனியா கிடையாது, சுவர்தான் முக்காவாசி பாரத்த தாங்குது, எந்தச் சுவர் மேல எந்த உத்தரம் உக்காந்திருக்குன்னு தெரியாம ஒரு செங்கல்ல கூட உருவக் கூடாது.

இப்ப கூரைக்கு வருவோம். சீமை ஓடுன்னு நம்ம ஊர்ல சொல்றது மங்களூர் ஓடு, பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865ல மங்களூர்ல தொழிற்சாலை ஆரம்பிச்சுது, அதுலேருந்து பரவினதுதான் இதெல்லாம். உங்க வீட்டு ஓட்ட ஒண்ணு எடுத்து கவுத்துப் பாருங்க, கம்பெனி பேர் அச்சு இருக்கும். அந்தப் பேர எழுதி வச்சுக்கோங்க, ஏன்னா எல்லா கம்பெனி ஓடும் பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் பள்ளமும் மேடும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஒண்ணோட ஒண்ணு சரியா பூட்டாது, பூட்டாத இடத்துல மழை சாஞ்சு அடிச்சா உள்ள வரும். அதனால புது ஓடு வாங்கி கலக்குறத விட, வீடு இடிக்கிற இடத்துலயும் பழைய சாமான் கடையிலயும் அதே அச்சு ஓடா தேடி வாங்குறது நல்லது. கிடைக்கவே இல்லைன்னா, இருக்குற நல்ல ஓட்டையெல்லாம் முன்பக்கச் சரிவுக்கு ஒதுக்கிட்டு, பின்பக்கச் சரிவு முழுசுக்கும் ஒரே கம்பெனி புது ஓடா போட்டுடுங்க, ஒரே சரிவுல ரெண்டையும் கலக்காதீங்க. ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 15 ஓடு பிடிக்கும்னு கணக்கு வச்சுக்கோங்க, உடையுறதுக்கு கொஞ்சம் சேத்துக்கோங்க.

ஓட்ட தட்டிப் பாத்து எடுக்கணும். விரல் முட்டியால தட்டினா கணீர்னு கேட்டா நல்ல ஓடு, சொத்தையா மொத்தையா கேட்டா எங்கயோ விரிசல் இருக்கு, ஒதுக்கிடுங்க. பிரிக்கும்போது முகட்டுலேருந்து கீழ இறங்கணும், திரும்ப அடுக்கும்போது இறவாரத்துலேருந்து, அதாவது கூரையோட கீழ் விளிம்புலேருந்து மேல ஏறணும். ஓட்டு மேல நேரா கால வைக்கவே கூடாது, பாசி புடிச்ச ஓடு காலையில பனி ஈரத்துல சோப்பு போட்ட மாதிரி வழுக்கும், முகட்டுல கொக்கி மாட்டின ஏணிய சரிவுல படுக்கப் போட்டு அது மேலதான் நிக்கணும், இடுப்புல கயிறு கட்டணும், கீழ ஒரு ஆள் இருந்தே ஆகணும். தனியா ஏறாதீங்க. இத படிச்சுட்டு "நான் பாத்துக்குறேன்"னு நினைக்கிறவங்கதான் விழுறது.

ஓட்ட பிரிச்சதும் உண்மையெல்லாம் வெளிய வரும். ரீப்பர் (ஓட்ட தாங்குற குறுக்குப் பட்டை) எது உளுத்திருக்கு, கைமரம் (ரீப்பர தாங்குற சாய்வு மரம்) எங்க செத்திருக்குன்னு அப்பதான் தெரியும், அதனால மனசுல ஒரு தொகை போட்டு வச்சிருந்தீங்கன்னா அதுல கால்வாசிய கூட சேத்து தனியா எடுத்து வச்சுடுங்க. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர எடுத்து ஒவ்வொரு மரத்தையும் குத்திப் பாருங்க, முக்கியமா சுவருக்குள்ள சொருகியிருக்குற நுனிய. முனை மட்டும் லேசா பதிஞ்சு நின்னா கவலையில்ல, மாவு மாதிரி உள்ள போனா அந்த நுனி போச்சு. ஆனா ஒரு நுனி போச்சுன்னு முழு மரத்தையும் தூக்கிப் போட வேணாம். வைரம் பாஞ்ச பனங்கையும் பழைய தேக்கும் இன்னிக்கு காசு குடுத்தாலும் அந்தத் தரத்துல கிடைக்காது, நல்ல ஆசாரியா இருந்தா கெட்டுப்போன நுனிய மட்டும் அறுத்துட்டு அதே ஜாதி மரத்துல ஒட்டு போட்டு போல்ட் முறுக்கிக் குடுப்பாரு. "எல்லாத்தையும் கழட்டிட்டு இரும்பு பைப்பு போட்டுடலாம் சார், பழைய மரத்த நானே எடுத்துக்குறேன்"னு யாராவது ரொம்ப அக்கறையா பேசினா அந்த மரத்தோட விலைய பழைய மரக்கடையில போய் விசாரிச்சுட்டு வாங்க, அக்கறை எதுக்குன்னு புரிஞ்சிடும்.

புது ரீப்பர் அடிக்கும்போது டேப்ப மட்டும் நம்பாதீங்க. வழக்கமா பன்னிரண்டரை அங்குலம் பக்கம் இடைவெளி வரும், ஆனா உங்க ஓட்ட நாலஞ்சு வரிசை தரையில பூட்டி அடுக்கி, அதுலேருந்து அளவு எடுத்து ஒரு குச்சியில வெட்டு போட்டு, அந்தக் குச்சிய வச்சு அடிங்க. முத்தத்த சுத்தி ரெண்டு ரெண்டு சரிவா சேருற மூலை இருக்கே, கூடல்வாய், ரெண்டு பக்கத் தண்ணியும் அங்கதான் வந்து இறங்குது, முத்தம் வச்ச வீட்டுல ஒழுகல்னா முதல்ல அங்கதான் பாக்கணும். பழைய தகரம் துரு புடிச்சு ஓட்டையா இருக்கும், அகலமான தகடா மாத்துங்க, ரெண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில நல்லா உள்ள போகணும், தகரத்துக்கு மேல காரைய அப்பி அடைக்காதீங்க, இலை தழை மாட்டி தண்ணி எதுத்துக்கிட்டு உள்ள வரும்.

முன் கட்டு மட்டும் மொட்டை மாடியா இருந்தா அது மெட்ராஸ் டெரஸா இருக்கும், தேக்குக் கட்டை மேல சின்னச் செங்கல்ல செங்குத்தா, மூலைவாட்டுல சுண்ணாம்பு வச்சு பரப்பியிருப்பாங்க. அது ஒழுகுதுன்னு மேல மேல சிமெண்ட் தளம் போட்டு பாரம் ஏத்தினா ஒரு நாள் கட்டை நுனி விட்டுடும். அதுல நீங்களா எதுவும் பண்ண வேணாம், சுருக்கி (செங்கல் பொடி கலந்த சுண்ணாம்பு) போடத் தெரிஞ்ச பழைய கொத்தனார் யாராவது இருக்காரான்னு தேடுங்க.

சுவர்ல அரச மரமோ ஆல மரமோ முளைச்சிருந்தா வெறுமனே வெட்டி விடுறதால ஒண்ணும் ஆகாது, அடுத்த மழைக்கு ரெண்டு மடங்கா தழையும். சின்னதா இருந்தா வேரோட இழுத்துடலாம். பெருசாயிருந்தா அந்த இடத்துச் செங்கல்ல பிரிச்சு வேர முழுசா எடுத்துட்டு திரும்ப கட்டுறதுதான் வழி.

சுவருக்கு வருவோம், நான் சொல்ல வந்ததே இதுதான். நம்ம ஊர்ல சிமெண்ட் மேல இருக்குற பக்தி வேற எதுக்கும் கிடையாது. ஓதம் (கீழேருந்து ஊறி ஏறுற ஈரம்) அடிச்ச சுவரா, சிமெண்ட்ட பூசு. காரை உதிருதா, சிமெண்ட். இந்த மாதிரி பழைய வீட்டுக்கு அஸ்திவாரத்துல ஈரம் தடுக்குற படிவம் எதுவும் போட்டிருக்க மாட்டாங்க, மண்ணுலேருந்து ஈரம் செங்கல் வழியா ஏறத்தான் செய்யும், சுண்ணாம்புப் பூச்சு இருந்தா அது வழியா வெளிய வந்து காத்துல காஞ்சிடும், அப்படித்தான் இத்தனை வருஷம் நின்னுச்சு. அது மேல சிமெண்ட்ட இறுக்கமா பூசினா ஈரத்துக்கு வெளிய வர வழி இல்ல, அதனால இன்னும் மேல ஏறும். முட்டி உயரத்துல இருந்த ஓதம் இடுப்புக்கு வரும். தண்ணியோட வர்ற உப்பு பூச்சுக்குப் பின்னாடி பூத்து, கெட்டியாகி, சிமெண்ட்ட தள்ளும், பலகை பலகையா கழண்டு விழும்போது கூடவே செங்கல்லோட முகத்தையும் பிச்சுக்கிட்டு வரும். சுவர்ல டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான், டைல்ஸ் முடியுற கோட்டுக்கு மேல உப்பு பூக்கும். வாட்டர் ப்ரூஃப் பெயின்ட், புட்டி எல்லாம் கூட இதுல சேத்தி. எங்க வீட்டுல பூச்சு வேலை பாத்த வயசான கொத்தனார் ஒரு வார்த்தை சொன்னாரு: "தம்பி, இது மூச்சு விடுற சுவரு, நீ சிமெண்ட்ட அப்புனா செத்துரும்." "அப்ப ஏன்ணே எல்லாரும் சிமெண்ட்டே போடுறாங்க"ன்னு கேட்டதுக்கு, "மூட்டைய பிரிச்சா சாயங்காலம் வேலை முடிஞ்சிடுது, சுண்ணாம்ப நீத்து ஊற வச்சு காத்துக்கிட்டிருக்க யாருக்கு நேரம்"னாரு. காரணம் அவ்வளவுதான்.

அதனால ஓதத்துக்கு முதல் வைத்தியம் வெளியில. ரோடு போடப் போட தெரு மட்டம் ஏறி வீடு பள்ளத்துல போயிருக்கும், இதுக்கு வீட்ட ஜாக்கி போட்டு தூக்குறாங்க, ஆனா பழைய காரைச் சுவருக்கு அது தைரியமானவங்க செய்யுற வேலை, எனக்குத் தைரியம் இல்ல. நம்மால முடிஞ்சது, சுவரோரம் ஏறிக் கிடக்குற மண்ண வெட்டி இறக்குறது, சுவர ஒட்டிப் போட்ட சிமெண்ட் தரைய உடைச்சு எடுக்குறது, இறவாரத் தண்ணி சுவர் அடியிலயே விழாம வாட்டமா ஒரு வடிகால் எடுக்குறது, சுவரோரம் வச்ச செடி கொடிய தள்ளி நடுறது. மம்பட்டி வேலைதான், செலவு கம்மி, பலன் இதுலதான் அதிகம்.

அப்புறம் சிமெண்ட் பூச்சு இருக்குற இடத்த தட்டிப் பாருங்க, பொக்கையா சத்தம் வர்ற இடம் எல்லாத்தையும், ஈரக் கோட்டுக்கு ரெண்டு அடி மேல வரைக்கும், உளி சுத்தியால கொத்தி எடுங்க. சின்ன உளி போதும், டிரில்லிங் மெஷின் போட்டு அதிர வைக்காதீங்க. உப்ப காஞ்ச பிரஷ்ஷால தேச்சு எடுத்து வெளிய கொட்டணும், தண்ணி ஊத்தி கழுவினா உப்பு திரும்ப சுவருக்குள்ளயே போயிடும். அப்புறம் காத்திருக்கணும். ஈரச் சுவர் காய ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, பதினாலு அங்குலச் சுவருன்னா ஒரு வருஷத்துக்கு மேல, பதினாலு மாசம் ஆகும். அவ்வளவு முடியலன்னாலும் பங்குனி சித்திரை வெயில் ஒண்ணு முழுசா படட்டும். இந்தக் காலத்துலதான் மனசு ரொம்ப சோந்துபோகும், வீடு குண்டு விழுந்த மாதிரி கிடக்கும், போறவர்றவங்க எல்லாம் எட்டிப் பாத்து "என்ன தம்பி, நல்லா இருந்த சுவர இப்படி ஆக்கி வச்சிருக்கீங்க"ன்னு கேப்பாங்க. சிரிச்சுட்டு போயிடுங்க.

காத்திருக்குற நேரத்துல சுண்ணாம்ப நீத்து, அதாவது தண்ணியில போட்டு அடங்க விட்டு வைக்கலாம். கல் சுண்ணாம்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு எது கிடைச்சாலும் சரி, புதுசா சுட்டதா, தூளாகாம கட்டியா இருக்கணும். இரும்பு டிரம்முலயோ தொட்டியிலயோ பாதிக்கு தண்ணி வச்சுட்டு சுண்ணாம்ப கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பக் கொட்டி வச்சுட்டு மேல தண்ணிய ஊத்தினா வெடிச்சு மூஞ்சில தெறிக்கும். போட்ட கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது, அப்புறம் கல்லு விரிசல் விட்டு சீறும், டிரம்முல கை வைக்க முடியாத சூடு ஏறும், தண்ணி தளதளன்னு கொதிக்கும், வெள்ளையா ஆவி பறக்கும். பிளாஸ்டிக் டிரம் இந்தச் சூட்டுல வளைஞ்சிடும், அலுமினியப் பாத்திரத்த சுண்ணாம்பு அரிச்சிடும், ரெண்டும் வேணாம். கண்ணாடி, ரப்பர் கிளவுஸ், முழுக்கை சட்டை இல்லாம கிட்ட போகாதீங்க, கண்ணுல தெறிச்சா பார்வையே போகும், தெறிச்சா நல்ல தண்ணியில விடாம கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். குழந்தைங்க, ஆடு மாடு யாரும் பக்கத்துல வேணாம். அடங்கினதும் கிளறி, வலையில வடிகட்டி கல்ல எடுத்துட்டு, மேல ரெண்டு விரக்கடை தண்ணி நிக்கிற மாதிரி மூடி வச்சுடுங்க. குறைஞ்சது ரெண்டு மூணு வாரம், ஊற ஊற வெண்ணெய் பதத்துக்கு வரும், மாசக்கணக்குல வச்சாலும் கெடாது, தண்ணி மட்டும் வத்தக் கூடாது.

பூசுறப்போ ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ரெண்டரைலேருந்து மூணு பங்கு சலிச்ச மணல். ஓதம் அதிகமான அடிச்சுவர்ல மணல்ல ஒரு பங்க குறைச்சுட்டு நல்லா சுட்ட செங்கல்ல இடிச்ச பொடிய சேத்துக்கோங்க, ஈரத்துலயும் கெட்டியாகும். கடுக்காய், வெல்லம் ஊற வச்ச தண்ணி விடுறது பழைய பழக்கம், கலவை கையில நல்லா வழுவழுன்னு வரும், ஆனா அளவு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு விடுங்க, வெல்லம் அதிகமாச்சுன்னா எறும்பு ஊரே கூடிடும். முக்கியமா ஒண்ணு, "பிடிப்புக்கு ஒரு கை சிமெண்ட் போடுவோமே"ன்னு யார் சொன்னாலும் போடாதீங்க. பூசுறதுக்கு முன்னாடி சுவர நல்லா நனைக்கணும், ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல ஏத்தக் கூடாது, அது இறுகின அப்புறம்தான் அடுத்த பூச்சு. சுண்ணாம்பு காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட இழுத்துத்தான் திரும்ப கல்லாகுது, மெதுவாத்தான் நடக்கும், அதனால நேர் வெயில் படாம சாக்கு தொங்க விட்டு, ஒரு வாரத்துக்கு லேசா தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க. நம்ம கைக்கு முதல் ரெண்டு சுவர் மேடும் பள்ளமுமாத்தான் வரும், அதனால கொல்லைப்பக்க ரூம்ல ஆரம்பிச்சு கை பழகினதும் கூடத்துக்கு வாங்க.

கரையான் இருக்கான்னு பாக்க, சுவர்ல ஓடுற மண் குழாய ஒரு இடத்துல உடைச்சு விட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு பாருங்க, திரும்ப கட்டியிருந்தா உள்ள ஆள் இருக்கு. மருந்து அடிக்க சுவரும் தரையும் சேருற இடத்துல ஒவ்வொரு அடிக்கும் ஒரு துளை போட்டு மண்ணுக்குள்ள இறக்குவாங்க. இத பயிற்சி எடுத்த ஆளுங்ககிட்டயே விட்டுடுங்க, கொல்லையில கிணறு இருக்குன்னு மறக்காம சொல்லிடுங்க, மருந்து கிணத்துல கலந்தா அந்தத் தண்ணி போச்சு.

கதவு ஜன்னல்தான் இந்த வேலையில கிடைக்கிற சந்தோஷம். பச்சை பெயின்ட், நீல பெயின்ட்னு ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கோட்டு ஏறியிருக்கும், அத எடுத்தா அடியில தேக்கு ரேகை தெரியும், நிலையில செதுக்கின பூ வேலை எல்லாம் பெயின்ட்டுக்குள்ள அமுங்கிக் கிடந்தது கண்ணுக்கு வரும். ஆனா காஞ்ச உப்புத்தாள் போட்டு பரபரன்னு தேக்காதீங்க. பழைய எனாமல் பெயின்ட்ல ஈயம் இருக்கும், வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அந்தத் தூசி குழந்தைங்க மூளைய பாதிக்கும். பெயின்ட் ரிமூவர் தடவி சுரண்டுங்க, மிச்சத்த தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர்ல தேய்ங்க, என்95 மாஸ்க் போடுங்க, நெருப்பு காட்டி உரிக்காதீங்க, சுரண்டினத கூட்டிப் பெருக்காம ஈரத்துணியில துடைச்சு பையில கட்டுங்க. பொறுமைக்கு பேர் போன வேலை இது, ஒரு கதவுக்கே பல லீவு போயிடும். வாரினிஷ் கூட வேணாம், ஆளி விதை எண்ணெய் ரெண்டு கோட்டு துணியால தேச்சா போதும், ஆனா எண்ணெய் நனைஞ்ச துணிய சுருட்டிப் போட்டா தானா தீ புடிக்கும், விரிச்சுக் காய வச்சுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

வயரிங் உங்க வேலை இல்ல. மரப்பட்டைக்குள்ள ஓடுற பழைய வயர்ல ரப்பர் எல்லாம் நொறுங்கிப் போயிருக்கும், எர்த்தே இருக்காது. நீங்க பண்ண வேண்டியது எங்கெங்க லைட், எங்க ஃபேன், எங்க பிளக்குனு சுவர்ல சாக்பீஸ்ல குறிச்சு வைக்கிறது மட்டும்தான், மிச்சத்த லைசன்ஸ் வச்ச எலக்ட்ரீஷியன் பாக்கட்டும். லைட்டுக்கு 1.5, பதினாறு ஆம்ப் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லி மீட்டர் வயர் போடுறாங்களான்னு பாத்துக்கோங்க, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) இல்லாம விடாதீங்க, எம்சிபி (லோடு ஏறினா கட் பண்ற சுவிட்ச்) மட்டும் இருந்தா ஷாக்லேருந்து காப்பாத்தாது. காரைச் சுவர்ல குறுக்குவாட்டுல காடி வெட்டவே விடாதீங்க, சுவர் பலம் போயிடும், பைப்ப சுவருக்கு வெளியிலயே ஓட்டுங்க.

பாத்ரூம் வீட்டுக்குள்ள வேணும்னு எல்லாரும் கேப்பாங்க, வயசானவங்க இருந்தா நியாயம்தான். ஆனா பழைய சுவர ஒட்டி தண்ணி புழங்குற ரூம் வச்சா நீங்க இவ்வளவு நாள் விரட்டின ஓதத்த நீங்களே கூப்பிட்டு உக்கார வச்ச மாதிரி. பின் தாழ்வாரத்த ஒட்டி, தனிச் சுவர் வச்சு, நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு கட்டுங்க. நாலு இன்ச் கழிவு பைப்புக்கு பத்தடிக்கு மூணு அங்குலம் வாட்டம் இருக்கணும், பிளம்பர் கண்ணால பாத்து "சரியாதான் சார் இருக்கு"ம்பாரு, நீங்க டியூப் மட்டம் (தண்ணி நிரப்பின டியூப்) புடிச்சு பாருங்க.

தரையில பழைய லினோலியமோ டைல்ஸோ இருந்தா ஒரு மூலையில தூக்கிப் பாருங்க, அடியில ரெட் ஆக்சைடு தரை இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆசிட் ஊத்தக் கூடாது, சோப்புத் தண்ணி, தேங்காய் நார், நல்லா காஞ்சதும் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு துணியால தேய்ச்சா பளபளன்னு வரும். விரிசல ஒட்டுற இடம் நிறம் சேராது, எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் சேராது, அப்படியே விட்டுடுங்க.

கடைசியா வெள்ளை. எமல்ஷன் வேணாம், அதே நீத்த சுண்ணாம்ப பால் பதத்துக்கு கரைச்சு, பிடிப்புக்கு வஜ்ஜிரம்ங்கிற கோந்து கொஞ்சம், வெளுப்புக்கு நீலம் ஒரு சிட்டிகை, சுவர நனைச்சுட்டு மெல்லிசா மூணு கோட்டு. அடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது, திட்டுத் திட்டா கண்றாவியா இருக்கும், காஞ்ச அப்புறம்தான் வெள்ளை வரும். கையில ஒட்டுதுன்னு வீட்டுல ஒருத்தர் குறை சொல்லுவாங்க, சாஞ்சு உக்காருற உயரத்துக்கு மட்டும் கோந்து கொஞ்சம் கூட சேத்துக்கலாம்.

வருஷா வருஷம் புரட்டாசியில கூரை ஏறி கூடல்வாய்ல அடைஞ்ச இலைய வாரிப் போடுங்க, குரங்கு தள்ளி விட்ட ஓட்ட எல்லாம் நகத்தி வைங்க. எங்க பக்கம் குரங்குதான் ஓட்டுக்கு முதல் எதிரி, மழை எல்லாம் அப்புறம்தான். வேலை முடிஞ்சதும் மிச்சமான ஓட்ட யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க, கொல்லைச் சுவரோரம் நிக்க வச்சு அடுக்கி வைங்க, அந்த அச்சு ஓடு இனி கடையில கிடைக்காது.